எதிரே நின்றும் தெரியவில்லை!



கிளிக்குச் சாக்லேட் பிஸ்கட் கொடுக்கலாமா?

'மைன்கிராஃப்ட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடும் சுட்டிகள் இந்நேரம், "கூடவே கூடாது!" என்று கத்தியிருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2017-ஆம் ஆண்டு அந்த விளையாட்டில் புதிதாகக் கிளிகளைச் சேர்த்தார்கள். காட்டில் திரியும் கிளியைப் பிடித்துப் பழக்க வேண்டுமானால், சாக்லேட் துண்டுகள் பதித்த பிஸ்கட்டைக் கொடுக்க வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார்கள். உடனே விளையாடுகிறவர்களிடமிருந்து இன்டர்நெட் வழியாக ஒரு கேள்வி வந்தது. நிஜக் கிளிக்குச் சாக்லேட் விஷமாயிற்றே! இதைப் பார்த்துவிட்டு எங்காவது ஒரு குழந்தை, வீட்டில் வளர்க்கும் கிளிக்குச் சாக்லேட்டை ஊட்டிவிட்டால் என்ன ஆகும்?

நியாயமான கேள்விதானே? விளையாட்டை உருவாக்குகிறவர்கள் வீம்பு பிடிக்கவில்லை. மாற்றிவிட்டார்கள். இப்போது அந்த விளையாட்டில் விதை கொடுத்தால்தான் கிளி பழகும். பிஸ்கட் கொடுத்தால் செத்துப்போகும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது பாண்டி ஆடினோம், பல்லாங்குழி ஆடினோம். பல்லாங்குழிக்கு ஏன் 14 குழி, 16 வைத்தால் என்ன என்று யாரிடம் போய்க் கேட்பது? கண்டுபிடித்தவர் யாரென்றே தெரியாது. உங்கள் காலத்து விளையாட்டுகள் அப்படி இல்லை. அவற்றை உருவாக்கியவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். "இது சரியில்லை" என்று எழுதினால், சில சமயம் பதிலும் வருகிறது. உருவாக்குகிறவருக்கும் விளையாடுகிறவருக்கும் இடையில் ஒரு சிநேகம் உண்டாகிறது. எல்லாச் சிநேகத்தையும் போல அதுவும் நாளாக ஆக மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

மைன்கிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு மே மாதம், ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் என்பவர், பாதிதான் முடிந்திருந்த விளையாட்டை அப்படியே இன்டர்நெட்டில் போட்டார். விளையாடிப் பார்த்தவர்கள் குறை சொன்னார்கள், யோசனை சொன்னார்கள். அவரே படித்தார், அவரே பதில் எழுதினார், அவரே திருத்தினார். நம் ஊர்த் தையல்காரர் எப்படி? "அண்ணே, அக்குள் பக்கம் பிடிக்குது" என்றால், அங்கேயே உட்கார வைத்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார் அல்லவா? அப்படி!

ஆனால், ஒரு தையல்காரரிடம் ஊரே வந்து நின்றால்? 2011 டிசம்பரில் பெர்சன் அந்தப் பொறுப்பை யென்ஸ் பெர்கென்ஸ்டன் என்பவரிடம் ஒப்படைத்தார். 2014-இல் நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட்டுக்கு 250 கோடி டாலருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். 2023-க்குள் அந்த விளையாட்டு 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது. 30 கோடிப் பேர் எழுதுவதை யார் படிப்பது? ஆகவே ஓட்டுப் போடச் சொன்னார்கள். சில உயிரினங்களைக் காட்டுவார்கள், அதிக ஓட்டு வாங்கியது மட்டும் விளையாட்டுக்குள் வரும். 2023-இல் நண்டு, பென்குயின், அர்மடில்லோ ஆகிய 3 போட்டியிட்டன. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். "எங்களை ஏன் மோத விடுகிறீர்கள்? மூன்றையும் கொடுங்கள்!" என்று போஸ்டர் எல்லாம் தயாரித்தார்கள். அர்மடில்லோ ஜெயித்தது. ஆனால், 2024-இல் அந்த ஓட்டெடுப்பையே நிறுத்திவிட்டார்கள்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறொரு கதை.

இங்கிலாந்தில், லண்டனுக்குத் தென்மேற்கே கில்ஃபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே ஷான் முர்ரே என்பவரும் அவருடைய நண்பர்கள் 3 பேரும் சேர்ந்து 'ஹலோ கேம்ஸ்' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2010-இல், மோட்டார் சைக்கிளில் பாய்ந்து சாகசம் செய்யும் ஒருவரை வைத்து 'ஜோ டேஞ்சர்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அது நன்றாகப் போயிற்று. அடுத்ததாக ஒரு பெரிய ஆசை பிறந்தது. ஒரு பிரபஞ்சத்தையே உருவாக்கினால் என்ன? விளையாடுகிறவர் விண்கலத்தில் ஏறி, எந்தக் கிரகத்தில் வேண்டுமானாலும் இறங்கலாம். அங்குள்ள செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் அவரே பெயர் வைக்கலாம். விளையாட்டின் பெயர் 'நோ மேன்ஸ் ஸ்கை'.

எத்தனை கிரகங்கள் தெரியுமா? 1,84,46,74,40,73,70,95,51,616!

மூச்சு வாங்குகிறதா? ஒரு கிரகத்துக்கு ஒரு விநாடி என்று பார்த்துக்கொண்டே போனாலும், முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணக்கு வாத்தியார் புத்தி விடுமா? இதையும் சொல்லிவிடுகிறேன். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்த கட்டத்தில் 2, அதற்கடுத்து 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் ராஜாவின் களஞ்சியமே காலியாகிவிடும் என்று ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அந்த 64 கட்டத்து அரிசியையும் கூட்டினால் வருவது, இந்த எண்ணுக்குச் சரியாக ஒன்று குறைவு. 2-ஐ 64 முறை பெருக்கிப் பாருங்கள், புரியும்.

இத்தனை கிரகங்களையும் உட்கார்ந்து வரைய யாரால் முடியும்? வரையவில்லை. அம்மா கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, எப்படி வளைக்க வேண்டும் என்ற விதி தெரிந்தால் போதும். முழுக் கோலத்தையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டியதில்லை, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். அதேபோல ஒவ்வொரு கிரகத்துக்கும் ஓர் எண். நீங்கள் அங்கே போகும்போது, அந்த எண்ணையும் விதிகளையும் வைத்துக் கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போது மலையையும் கடலையும் போட்டுக்காட்டும்.

2013 டிசம்பரில் இந்த விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். உலகமே வாய் பிளந்தது. அதே மாதம் 24-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், அவர்கள் அலுவலகத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் பாழ். சின்னக் குழு, வெள்ளம், பெரிய கனவு! கேட்டவர்களுக்கெல்லாம் அவர்களைப் பிடித்துப்போயிற்று.

அதன் பிறகு 2 ஆண்டுகளுக்கு மேல் முர்ரே பேட்டி மேல் பேட்டி கொடுத்தார். இது உண்டா, அது உண்டா என்று கேட்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள அவர், சிரித்துக்கொண்டே பெரும்பாலும் "ஆமாம்" என்பார். "விளையாடும்போது இன்னொருவரைச் சந்திக்க முடியுமா?" என்ற கேள்விக்கும், "அவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் அது மிக அபூர்வம், ஆனால் முடியும்" என்ற மாதிரியே பதில் சொன்னார். பொய் சொல்லி ஏமாற்ற வேண்டும் என்று நினைத்திருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டைத்தான் சொன்னார். மனதில் இருந்தது வேறு, மேஜையில் இருந்தது வேறு.

2016 ஜூனில் வர வேண்டிய விளையாட்டு ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போயிற்று. வேலை முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? கொன்றுவிடுவதாக முர்ரேவுக்கு மிரட்டல் அனுப்பினார்கள். தள்ளிப்போகும் செய்தியை வெளியிட்ட பத்திரிகையாளருக்கும் மிரட்டல். ஏழே வாரத் தாமதத்துக்கு! அத்தனையும் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் செய்த காரியம். முகம் தெரியாத இடத்தில், சொந்தப் பெயர் போடாமல் எழுதும்போது சிலருக்கு வாய்க்குப் பூட்டே இருப்பதில்லை. எதிரே உட்கார்ந்து படிப்பவரும் ஒரு மனிதர் என்பது மறந்துபோகிறது. இது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

2016 ஆகஸ்ட் மாதம் விளையாட்டு வந்தது. விலை 60 டாலர். கம்ப்யூட்டரில் மட்டும், முதல் நாளில் ஒரே சமயத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் விளையாடினார்கள். வெளிவருவதற்குச் சற்று முன்புதான் முர்ரே, "இது பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டல்ல, அதை எதிர்பார்த்து வராதீர்கள்" என்று எழுதினார். அதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

வெளியான உடனேயே ஓர் ஆச்சரியம் நடந்தது. அத்தனை கோடி கோடிக் கிரகங்களில், ஒருவர் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டுப் போன கிரகத்தில் இன்னொருவர் போய் இறங்கிவிட்டார்! இருவரும் பேசி வைத்துக்கொண்டு, ஒரே கிரகத்தில், ஒரே கட்டடத்தில், ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை.

எதிரே நின்றும் தெரியவில்லை! அவ்வளவுதான். வேறு என்னென்ன சொன்னார், எது எது வரவில்லை என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். "பணத்தைத் திருப்பிக் கொடு" என்றார்கள். இங்கிலாந்தில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு வரை புகார் போயிற்று. அது விசாரித்து, விதிமீறல் இல்லை என்று நவம்பரில் சொன்னது. அதற்குள் பெரும்பாலானோர் விளையாட்டை மூடிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 2 லட்சம் பேர் இருந்த இடத்தில், செப்டம்பர் முடிவதற்குள் சில ஆயிரம் பேர்தான் மிச்சம்.

முர்ரே? எதுவும் பேசவில்லை. தினமும் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தவர், வாரக்கணக்கில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இங்கே நான் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியராக இருந்தபோது, ஒரு வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். "சார், பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா?" "ஆமாம்!" "சார், படகு உண்டா?" "ஆமாம்!" "சார், தம்பியைக் கூட்டி வரலாமா?" அதற்கும் "ஆமாம்!" அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் போக முடியவில்லை. பிள்ளைகள் கரும்பலகையில் 'வேடந்தாங்கல் எப்போது?' என்று எழுதி வைத்தார்கள். நான் என்ன செய்தேன்? அதை அழித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பாடம் நடத்தினேன். இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனால்தான் முர்ரேவின் மௌனம் எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதால் அது சரி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால், கில்ஃபோர்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. 2016 நவம்பர் இறுதியில் முதல் பெரிய புதுப்பிப்பு வந்தது. கிரகத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். விலை? ஒரு பைசா கிடையாது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கெல்லாம் இலவசம். 2017 மார்ச்சில் ஓட்டிச் செல்ல வண்டிகள் வந்தன. யார் எவ்வளவு உரக்கத் திட்டுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, விளையாடுகிறவர்கள் உள்ளே உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனித்து வேலை செய்ததாக முர்ரே பிற்பாடு சொன்னார்.

அந்தச் சந்திப்பு விஷயம் என்னாயிற்று? அதைத்தானே கேட்கிறீர்கள்? 2017 ஆகஸ்ட்டில் ஒரு மாற்றம் வந்தது. ஒரே இடத்துக்கு வருகிறவர்கள், 16 பேர் வரை, ஒருவருக்கொருவர் மிதக்கும் ஒளி உருண்டையாகத் தெரிந்தார்கள். கை கால் கிடையாது, முகம் கிடையாது. ஆனால் குரல் கேட்டது. ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்பதாவது தெரிந்தது. பிறகு 2018 ஜூலையில் வந்த புதுப்பிப்பில், முழு உருவமும் தெரிந்தது. இருவர் சேர்ந்து பறக்கலாம், சேர்ந்து வீடு கட்டலாம், எதிரெதிரே நின்று கையாட்டலாம். சொன்ன 'ஆமாம்' நிஜமாவதற்கு, விளையாட்டு வெளியான பிறகு 2 ஆண்டுகள் பிடித்தன.

முர்ரே பேசும் விதமும் மாறிவிட்டது. முன்பு மூன்று வருடத்துக்குப் பிறகு வரப்போவதைப் பற்றியெல்லாம் பேசியவர், இப்போது வேலை முடிந்து வெளியிடப் போகிற சமயத்தில்தான் வாயைத் திறந்தார். அதுவும் சில தடவை ஒரே ஒரு சின்னப் படத்தை மட்டும் இன்டர்நெட்டில் போடுவார். ஒரு சொல்கூட இருக்காது. ரசிகர்கள் விடுகதைக்கு விடை தேடுகிற மாதிரி, அது என்னவாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதிலேயே அவர்களுக்கு ஒரு குஷி!

2019-இல் அந்த ரசிகர்கள் தங்களுக்குள் பணம் வசூலித்தார்கள். எதற்குத் தெரியுமா? ஹலோ கேம்ஸ் அலுவலகத்துக்கு அருகில் ஒரு பெரிய விளம்பரப் பலகையை வாடகைக்கு எடுத்து, அதில் 'நன்றி' என்று எழுதி வைப்பதற்கு. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான்! தேவைக்கு மேல் பணம் சேர்ந்தபோது, மிச்சத்தைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு என்று ஒதுக்கினார்கள். மிரட்டல் அனுப்பியதும் ரசிகர் கூட்டம்தான், இதைச் செய்ததும் ரசிகர் கூட்டம்தான். ஒரே ஆட்கள் இரண்டையும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால், கூட்டத்தில் யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறதோ, அதுதான் மொத்தக் கூட்டத்தின் குரல் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

விளையாட்டை வாங்கியவர்கள் தங்கள் கருத்தைப் பதிவு செய்யும் 'ஸ்டீம்' என்ற இணையக் கடையில், 2016-இல் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் திட்டுதான். புதியவர்கள் சேரச் சேர, பழையவர்கள் சிலர் திரும்பி வந்து எழுத எழுத, 2024 இறுதியில் மொத்தக் கணக்கும் 'மிக நன்று' என்ற நிலைக்கு வந்தது. 8 ஆண்டுகள்!

இதை, 'வாயைப் பேசாமல் உழைத்து ஜெயித்தவர் கதை' என்று பலர் கொண்டாடுகிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2016-இல் உண்டியல் பணத்தைப் போட்டு வாங்கிவிட்டு, ஏமாந்து, மூடிவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே போன பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்களுக்கு அந்த ஆகஸ்ட் மாதமே, "அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், இன்னும் முடிக்கவில்லை" என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். அதற்கு 2 ஆண்டுகள் தேவையில்லை. 5 நிமிடம் போதும். அத்தனை மிரட்டல்களுக்கு நடுவே அந்த 5 நிமிடம் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உங்களில் யாருக்காவது, பிடித்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு எழுத வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பல இணையதளங்களில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கு தொடங்க அனுமதி இல்லை. அப்பா அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். வீட்டு முகவரி, பள்ளிக்கூடத்தின் பெயர், போன் நம்பர் எதுவும் வேண்டாம். 'மட்டம், குப்பை' என்று எழுதினால் அவர்களால் எதையும் திருத்த முடியாது. கிளிக் கேள்வியைப் பாருங்கள். எது தவறு, ஏன் தவறு, யாருக்குக் கெடுதல், மூன்றும் அதில் இருந்தன. அதனால்தான் அது வேலை செய்தது.

2023 டிசம்பரில் முர்ரே தன் அடுத்த விளையாட்டை அறிவித்தார். பெயர் 'லைட் நோ ஃபயர்'. இந்தத் தடவை கோடி கோடிக் கிரகங்கள் இல்லை. ஒரே ஓர் உலகம், ஆனால் நம் பூமி அளவுக்குப் பெரியது என்றார். அறிவித்துவிட்டுப் போனவர்தான், அதன் பிறகு நெடுநாள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. 'எப்போது, எப்போது' என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வேடந்தாங்கல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மூன்றாவது வாரம், வகுப்பில் எல்லோர் முன்னாலும், "பணத்தைப் பற்றி யோசிக்காமல் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது" என்று சொன்னேன். படகு கிடையாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும், "தம்பி சார்?" என்றாள். தம்பியும் கிடையாது என்றேன்.

அடுத்த வருடம் ஜனவரியில் போனோம். அவர்கள் அப்போது ஆறாம் வகுப்பு. பஸ்ஸுக்கு முன்பணம் கட்டி, ரசீது என் கைக்கு வரும்வரை, நான் யாரிடமும் தேதியைச் சொல்லவில்லை.